மருந்து அலமாரியில் ஒரு போல்ட்

ஆறு நாற்பத்தொன்றுக்கு முதல் வெடி கேட்டது.

ஊர்க் கிளினிக்கின் நர்ஸ் ரோவீனா அதன் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தாள். கை சாவியிலேயே நின்றது. சத்தம் கிழக்கே, பீச் ரன் ஓடைக்கு அப்பால் இருக்கும் மலையிலிருந்து வந்தது. ஒரே ஒரு வெடி. இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். பள்ளிக்கு வாரம் முழுக்க விடுமுறை. நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. துப்பாக்கி தூக்க முடிந்தவர்கள் எல்லோரும் இருட்டிலேயே மலையேறியிருந்தார்கள். கிளினிக் மட்டும் திறந்திருக்கும். கையை அறுத்துக்கொண்டவர்களும், மரத்திலிருந்து விழுந்தவர்களும், நெஞ்சுவலியை மான் கிடைக்கும்வரை வெளியே சொல்லாமல் இருந்தவர்களும் வருவார்கள்.

ஷெல்பி முன்பக்கம் விளக்கைப் போட்டாள். வரவேற்பு மேசை அவளுடையது.

"ஒத்த வெடி. எவனுக்கோ விடிஞ்சதுமே இறைச்சி" என்றாள்.

ஒன்று என்றால் மான். இரண்டு என்றால் இருக்கலாம். மூன்று என்றால் மான் ஓடிவிட்டது. அந்த ஊரில் குழந்தைகளுக்கும் தெரிந்த கணக்கு. ரோவீனாவும் அதைச் சொல்லியே வளர்ந்தவள். இன்று அவளுக்கு ஒற்றை வெடி பிடிக்கவில்லை.

மருந்து அலமாரியைத் திறந்தாள். டெட்டனஸ் ஊசிகளுக்குப் பின்னால், பழுப்பு உறைக்குள் போல்ட் இருந்தது. உறையைத் தடவிப் பார்த்தாள். குண்டைக் குழாய்க்குள் தள்ளிப் பூட்டும் சாண் நீள இரும்பு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்.

அது டார்ஸி கிட்டலின் போல்ட்.

ஆகஸ்டில் ரம்பம் பட்ட கையோடு வந்தான். நாற்பத்திரண்டு வயது. மரம் வெட்டும் வேலை. ரோவீனா காயத்தைக் கழுவிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்பதைப் போல, படையில் இருந்ததுண்டா என்று கேட்டாள். தேசியக் காவல்படை என்றான். ஈராக், இரண்டு முறை. முன்னாள் வீரர்களின் மருத்துவமனைக்குப் போவதுண்டா என்று கேட்டாள்.

"ஒரு தடவ போனேன் மேடம். மலையத் தாண்டி நாலு மணி நேரம். அங்க வண்டி நிறுத்துற இடம் அடுக்கடுக்கா, தாழ்வா, கூரை தலையில இடிக்கிற மாதிரி. உள்ள கொண்டுபோய் நிறுத்தினேன். வண்டிய விட்டு இறங்க முடியல. திரும்பிட்டேன்."

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்த?"

"சாயங்காலம் வரைக்கும்."

அதன்பிறகு அவள் மற்ற கேள்விகளையும் கேட்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, சுற்றி வளைக்காமல். செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா. அவன் ஜன்னலைப் பார்த்தான். சில நாள் என்றான். வீட்டில் துப்பாக்கி உண்டா. அப்பாவுடையது ஒன்று என்றான்.

துப்பாக்கியை யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொன்னாள். முடியாது என்றான். சுவரில் அது தொங்கும் இடம் காலியாக இருந்தால் வருகிறவன் எல்லாம் ஏன் என்று கேட்பான். மறுநாள் அவனே வந்தான். சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து மேசையில் வைத்தான். துப்பாக்கி சுவரிலேயே இருக்கட்டும், இது இங்கே இருக்கட்டும் என்றான்.

மலைக்கு அப்பாலிருந்த மருத்துவமனையோடு பேசி ரோவீனா ஓர் ஏற்பாடு செய்தாள். கிளினிக்கின் கடைசி அறையில் ஒரு திரை. திங்கட்கிழமை பத்து மணிக்கு மனநல டாக்டர் ஒகாஃபோர் அதில் வருவார். டார்ஸி எதிரே உட்காருவான். அதற்கு முன் ரோவீனா ரத்த அழுத்தம் பார்ப்பாள். கையில் பட்டை இறுகித் தளரும் அந்தச் சிறு நேரத்தில் அவன் பேசுவதில் பாதியைக்கூடத் திரையிடம் பேசுவதில்லை.

செப்டம்பரில் தூக்கம் வருகிறது என்றான். அக்டோபரில் ஷெல்பியைக் கிண்டல் செய்தான். நவம்பரில் மறுபடி பேச்சு குறைந்தது.

வெள்ளிக்கிழமை, முறை இல்லாத நாளில் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"திங்கக்கிழம முதல் நாள் மேடம். அத வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காரு."

"நிக்குறேன்."

"இந்த வாரம் எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"டாக்டரக் கேட்டுச் சொல்றேன், டார்ஸி."

அவனை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தொலைபேசியில் பேசினாள். கடந்த இரண்டு வாரமாக அவன் சொல்லும் பதில்கள் நன்றாக இல்லை, இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். ரோவீனாவுக்கும் அதுதான் தோன்றியது. திரும்பி வந்து சொன்னாள்.

"இந்த வருஷம் வேணாம்ப்பா. அடுத்த வருஷம் நானே எடுத்துத் தரேன்."

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தாள். என் பொருளை வைத்துக்கொள்ள நீ யார் என்று கேட்பான் என்று நினைத்தாள். பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"சரி மேடம்" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். "திங்கக்கிழம பத்து மணிக்குத்தான?"

"பத்து மணி."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் "சரி" அவள் கூடவே இருந்தது.

இன்று எட்டு மணிக்குள் மலைகள் முழுக்க வெடிச் சத்தம் கேட்டது. ஒரு கிழவர் காது வலி என்று வந்தார். கணுக்கால் சுளுக்கோடு ஒருவன் வந்து, சீக்கிரம் கட்டு, திரும்பப் போகணும் என்றான். தேவாலயத்துப் பெண்கள் வேட்டைக்காரர்களுக்குச் செய்த காலை உணவில் மிஞ்சியதை அனுப்பியிருந்தார்கள். பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி. ரோவீனா ஒன்றை எடுத்தாள். ஒரு கடிக்குப் பிறகு வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு வெடிக்கும் அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. போல்ட் அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். ஒன்பதுக்கு ஒரு முறை போய்ப் பார்த்தாள். ஒன்பதரைக்கு மறுபடி.

"அலமாரிக்குள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் ஷெல்பி.

"டார்ஸி போன் பண்ணானா?"

"இல்ல."

பத்து மணிக்குக் கடைசி அறையில் திரை ஒளிர்ந்தது. டாக்டர் ஒகாஃபோர் எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொன்னார். நாற்காலி காலியாக இருந்தது.

"வரலையா?"

"வருவான் டாக்டர். இன்னைக்கு ரோடெல்லாம் வண்டி."

பத்தேகாலுக்கு அவன் எண்ணை அழைத்தாள். மணி போகவில்லை. அவன் வீட்டிலிருந்தால் மணி போகும். மலைமேல் இருந்தால் போகாது.

அப்போது ஆர்லி வந்தான். டார்ஸியின் தாய்மாமன். ரோவீனாவோடு பள்ளியில் படித்தவன். இடது கட்டைவிரலில் சட்டைத் துணியைச் சுற்றியிருந்தான். துணி நனைந்து சொட்டியது. முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டுக் கிளைக் கொம்பு. எட்டு!" என்று வாசலிலிருந்தே கத்தினான்.

"வருஷா வருஷம் மானைவிட நீதான் அதிகம் வெட்டுப்படுற" என்றாள் ஷெல்பி.

"பொறாமை. உன் புருஷன் போன வருஷம் சுட்டது ஆட்டுக்குட்டி சைஸு."

ரோவீனா அவனை உட்காரவைத்து விரலைக் கழுவினாள். ஆழமான வெட்டு. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு நூலை எடுத்தாள்.

"டார்ஸியப் பாத்தியா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பது போல.

"பாக்காம? நாந்தான காலைல கொண்டுபோய் விட்டேன்."

"எங்க?"

"மேட்டுல, எங்க அப்பா போட்ட பரண்ல. பாவம், அவன் துப்பாக்கில ஏதோ கோளாறாம். நேத்து வீட்டுக்குப் போனா முகத்தத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கான். முதல் நாள்ல வெறுங்கையோட உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? எங்கிட்ட நாலு கிடக்கு. ஒண்ணக் குடுத்தேன்."

ஊசி தோலுக்கு மேலே நின்றது.

"அவன் கேட்டானா?"

"கேக்கல. நானாத்தான் குடுத்தேன். ஏன்?"

ரோவீனா இந்த ஊரில் பிறந்தவள். அவள் அப்பாவும் இப்படிக் கொடுத்திருக்கிறார். துப்பாக்கி இல்லாதவனுக்கு முதல் நாளன்று பக்கத்து வீட்டுக்காரன் கொடுப்பான். ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு நாலு துப்பாக்கி இருக்கும் ஊரில் அவள் ஒரு போல்ட்டைப் பூட்டி வைத்து, மூன்று மாதம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷெல்பி, கதவச் சாத்து."

ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. உறவினர் என்றாலும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். மூன்று வாக்கியங்களில் சொன்னாள். ஆர்லியின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, யாரோ எடுக்க மறந்ததைப் போல.

"ஆகஸ்ட்லேர்ந்தா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாது, ஆர்லி."

"நான் அவன் மாமன்."

"தெரியும்."

அவன் விரலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கத்தி எடுத்துக்கலை."

"என்ன?"

"வண்டில இறங்குறப்ப என் கத்திய நீட்டினேன். மான அறுக்கணும்ல. வேணாம்னுட்டான். இழுக்கக் கயிறும் வேணாம்னான். கீழ வந்து வாங்கிக்குறேன், மாமான்னான். நானும் சரின்னுட்டேன்."

வெளியே மேற்கில் இரண்டு வெடி கேட்டது.

ரோவீனா தையலை முடிக்கவில்லை. துணிவைத்து இறுக்கிக் கட்டினாள். கடைசி அறைக்குப் போய்த் திரையிடம் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் எழுந்துவிட்டார். திரையில் அவருடைய வயிறு மட்டும் தெரிந்தது. உட்கார்ந்தார்.

"ஷெரிஃப் ஆபீஸுக்கு உடனே சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா டாக்டர், சீருடையில ஒருத்தர் ரேடியோவோட அவன் மரத்தடிக்குப் போனா என்ன ஆகும்?"

டாக்டர் யோசித்தார். "நீங்க போனா?"

"தெரியல."

"கிட்டப் போகாதீங்க. மரத்துக்குப் பின்னாடி நின்னு பேசுங்க. ஆயுதத்த அவரே விட்டு விலக்கணும், நீங்க பிடுங்கக் கூடாது. நேராக் கேளுங்க. நீங்கதான் நல்லாக் கேப்பீங்கன்னு அவரு சொல்லியிருக்காரு."

அந்தக் கடைசி வாக்கியத்தை ரோவீனா அப்போது மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஷெல்பி ஷெரிஃப் அலுவலகத்தோடு பேசினாள். இருந்த ஒரே துணை அதிகாரி மாவட்டத்தின் மறுகோடியில் கவிழ்ந்த வண்டி ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வந்தால் ரோட்டிலேயே நிற்கட்டும் என்று சொல்லச் சொன்னாள் ரோவீனா.

ஆர்லி வண்டியை எடுத்தான். ஒரு கையால் ஓட்டினான். பின்னால் எட்டுக் கொம்பு மான் வாயில் புல்லோடு கிடந்தது. வழியில் நின்ற இருவர் கொம்பைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். அவன் பார்க்கவில்லை.

"நான் இருட்டுல விட்டுட்டு வந்தேன். விளக்கு இருக்கான்னுகூடக் கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன்" என்றான்.

"ரோட்டப் பாரு."

"நல்ல துப்பாக்கியாக் குடுத்தேன், ரோவீனா. இருக்கிறதுல நல்லது."

மலையடிவாரத்தில் இறங்கினார்கள். ரோவீனா கிளினிக்கின் வெள்ளை மேலங்கியோடு வந்துவிட்டிருந்தாள்.

"அதக் கழட்டு" என்றான் ஆர்லி. "மரத்துக்கு நடுவுல வெள்ளையா ஆடினா மான் வாலுன்னு எவனாச்சும் சுட்டுருவான்." தன் ஆரஞ்சு நிறச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டினான். அவளுக்கு அது முழங்கால் வரை வந்தது. அவன் வண்டியிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

பாதை செங்குத்து. இலைகள் உறைபனியில் நொறுங்கின. ஐம்பத்தேழு வயதில் அவள் இந்த மலையை ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆர்லி முன்னால் போனான், நின்றான், திரும்பிப் பார்த்தான், மறுபடி போனான்.

பாதி வழியில் ஒரு வேட்டைக்காரர் அடிமரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் எழுப்பிய சத்தத்தில் அவர் முகம் சுருங்கியிருந்தது.

"மான முழுக்க விரட்டிட்டீங்க. நல்லாருங்க" என்றார்.

"மேல, அந்தப் பரண் பக்கம் வெடி கேட்டுச்சா?" என்றாள் ரோவீனா.

"ஒண்ணு. விடியறப்ப. அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஆனா இறங்கி யாரும் வரல. மானப் போட்டவன் இந்நேரம் இழுத்துட்டு இந்த வழியாத்தான் போயிருக்கணும்."

ஆர்லி ஓட ஆரம்பித்தான். ரோவீனா அவன் பெயரைக் கத்தினாள். அவன் நிற்கவில்லை. அவளும் ஓடினாள். வேர் தடுக்கி விழுந்தாள். உள்ளங்கையில் மண் ஒட்டியது. எழுந்து ஓடினாள். கையில் எதுவும் எடுத்து வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டுத்துணிகூட இல்லை. எடுத்து வந்திருந்தாலும் எதற்கு என்று நினைத்தாள். அந்த நினைப்பை நிறுத்தினாள்.

மேட்டின் விளிம்பில் ஆர்லி ஒரு பீச் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேலே போகவில்லை.

"நீ பாரு. என்னால முடியல" என்றான்.

அவனைத் தாண்டிப் போய், அடுத்த மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

ஓக் மரத்தில் பதினைந்தடி உயரத்தில் பலகைப் பரண். பலகையிலிருந்து இரண்டு பூட்ஸ் தொங்கின. அசையவில்லை. ஒரு கயிறு தரைவரை இறங்கியிருந்தது. ஏறுகிறவர்கள் துப்பாக்கியை அதில் கட்டித்தான் மேலே இழுப்பார்கள், இறங்கும்போது கீழே விடுவார்கள். மரத்தடியில் இலைகள் கலையாமல் கிடந்தன. அவள் இலைகளை முழுக்கப் பார்த்தாள். பழுப்பு. பழுப்பு மட்டும்தான்.

"டார்ஸி! ரோவீனா வந்திருக்கேன். கிளினிக்லேர்ந்து."

இரண்டு பூட்ஸும் அப்படியே தொங்கின.

"டார்ஸி."

இடது பூட்ஸ் அசைந்தது.

"பிரஷர் பாக்க இங்கயே வந்துட்டீங்களா மேடம்?"

அவள் மரத்தின்மேல் நெற்றியை வைத்தாள். ஆர்லி பின்னால் தரையில் உட்கார்ந்துவிடும் சத்தம் கேட்டது.

"பத்து மணிக்கு நீ வரல" என்றாள். "டாக்டர் நாற்காலியோட பேசிட்டிருக்காங்க."

"நாற்காலி நல்லாப் பேசுமே. என்னைவிட."

"நான் கிட்ட வரலாமா?"

"அங்கயே இருங்க."

இருந்தாள். பரணின் விளிம்பில் துப்பாக்கியின் குழல் கொஞ்சம் தெரிந்தது. அவன் மடியில் குறுக்காகக் கிடந்தது. முகம் தெரியவில்லை.

"விடியறப்ப ஒரு வெடி கேட்டுச்சே."

"அது அந்தப் பக்கச் சரிவுல. கீழ ஓடை வழியா இழுத்துட்டுப் போனாங்க. எனக்கு முன்னாடி நாலு வந்துச்சு மேடம். ஒண்ணுக்குப் பெரிய கொம்பு. இங்க நின்னு என்னைப் பாத்துட்டே இருந்துச்சு. நான் துப்பாக்கியத் தூக்கல."

"டேய்" என்றான் ஆர்லி கீழிருந்து. "டேய், இறங்குடா. கால் மரத்துப் போயிருக்கும். வண்டில காபி இருக்கு."

"மாமாவும் வந்திருக்காரா?"

"விரல அறுத்துட்டு வந்தான்" என்றாள் ரோவீனா.

"எத்தன கொம்பு மாமா?"

"எட்டு" என்றான் ஆர்லி. சொல்லிவிட்டு முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

"நல்லது" என்றான் டார்ஸி.

காற்று வந்து நின்றது. தூரத்தில், சாலையில், ஒரு வண்டி வேகம் குறைந்து நிற்பது கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். குழல் சிறிது நகர்ந்தது. அவள் மரத்துக்குப் பின்னாலிருந்து ஓரடி வெளியே வந்தாள். இப்போது அவன் தாடையும் ஒரு கண்ணும் தெரிந்தன. தூங்காத கண்.

"நேராக் கேக்குறேன் டார்ஸி. எப்பவும் கேக்குற மாதிரி."

"கேளுங்க."

"செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா?"

மேலே பலகை முனகியது. அவன் சட்டென்று பதில் சொல்லவில்லை. கிளினிக்கில் எப்போதும் சட்டென்று சொல்லிவிடுவான்.

"ஏறினப்ப நினைச்சதக் கேக்குறீங்களா, இப்ப நினைக்கிறதயா?"

"ரெண்டையும் சொல்லு. ராத்திரி வரைக்கும் ஆனாலும் இங்கயே நின்னு கேக்குறேன். ஆனா முதல்ல குண்டுகள வெளிய எடுத்துட்டு, துப்பாக்கியக் கயித்துல கட்டிக் கீழ விடு. விடுறியாப்பா?"